மறதி நோய் உள்ள முதியவர்களுக்குத் தோட்டம் அமைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பாதையைத் திட்டமிடுங்கள், செடிகள் அப்புறம். பாதை சுற்றிவந்து கிளம்பிய வாசலிலேயே சேர வேண்டும். நடுவில் முட்டுச்சந்தாக நின்றால், டிமென்ஷியா உள்ளவர் திரும்பி வரத் தெரியாமல் பதறிப்போவார். தரை முழுக்க ஒரே நிறத்தில், கண் கூசாததாக இருக்கட்டும். அழகுக்காக ஒரு கறுப்புக் கல் பதித்தால்கூட அது அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாம். காலெடுத்து வைக்கவே பயப்படுவார். தயவுசெய்து அந்த அலங்காரம் வேண்டாம்.

பெஞ்சுக்குக் கைப்பிடி அவசியம், அதை ஊன்றித்தான் எழ முடியும். இடுப்புயரத் தொட்டிகளில் புதினா, மல்லிகை வையுங்கள். குனியாமலே கிள்ளி முகரலாம். பழைய நினைவு எதையாவது அந்த வாசனை கிளப்பக்கூடும். அரளியும் ஊமத்தையும் கூடவே கூடாது, இலையை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. வேலியையும் கேட்டையும் கொடி படரவிட்டு மறையுங்கள். பூட்டிய கேட் கண்ணில் பட்டால் சிலர் அங்கேயே நின்று தவிப்பார்கள்.