காலையில் குழாய்த் தண்ணீர் சிவப்பாக வருகிறது, குடிக்கலாமா?
சேலம் அம்மாபேட்டையில் காலைத் தண்ணீர் சிவப்பாக வருகிறது, பிளீச்சிங் பவுடர் வாடையும் அடிக்கிறது என்கிறீர்கள். அது கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் வாடை, அதற்குப் பயப்படாதீர்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்றுதான் குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-ஏ சொல்கிறது, வாய் அகன்ற பாத்திரத்தில் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். நிறம்தான் கவலை. அதே தரப்படி கலங்கல் 1 என்டியுவுக்குள் (என்டியு என்பது கலங்கலை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 5 வரை விடலாம். கண்ணுக்கே சிவப்பு தெரிந்தால் அதைக் குடிக்க எடுக்காதீர்கள். மேட்டூர் தண்ணீர் விடும்போது தெருக்குழாயில் நேராக ஒரு கண்ணாடி டம்ளர், மாடித் தொட்டியிலிருந்து இன்னொன்று பிடித்து, அசைக்காமல் வைத்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீரில் மட்டும் செந்தூள் படிந்தால் உங்கள் தொட்டியோ பழைய இரும்புக் குழாயோதான் காரணம். இரண்டிலும் படிந்தால் மாநகராட்சியில் புகார் கொடுங்கள். அப்புறம், சாக்கடை வாடை லேசாக வந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீடு.