இரட்டை உப்பா, அணைவு உப்பா? தண்ணீரில் கரைத்துப் பாருங்கள்

கேள்வி: இரட்டை உப்பு, அணைவு உப்பு இரண்டுமே இரண்டு உப்புகள் சேர்ந்து உருவானவைதானே? அப்புறம் ஏன் தனித்தனிப் பெயர்?

பதில்: படிகமாக இருக்கும்வரை உங்கள் சந்தேகம் நியாயம்தான். கரைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மோர் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள் (குடிக்கிற மோர் அல்ல, கார்ல் ஃபிரீட்ரிக் மோர் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் பெயர்). இரும்பு சல்பேட்டும் அம்மோனியம் சல்பேட்டும் சேர்ந்த வெளிர்பச்சைப் படிகம். கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் அழுக்குப் பச்சையாக வீழ்படிவு (கரையாமல் படியும் திடப்பொருள்) வரும். அது ஃபெரஸ் இரும்பு (இரண்டு நேர்மின்சுமை கொண்ட இரும்பு அயனி). லேசாகச் சூடாக்கினால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். இன்னொரு குழாயில் பேரியம் குளோரைடு விட்டால் சல்பேட் வெள்ளையாகப் படியும். உள்ளே இருந்த எல்லாம் வெளியே வந்துவிட்டன. இதுதான் இரட்டை உப்பு.

பொட்டாசியம் ஃபெரோசயனைடிலும் இரும்பு உண்டு. அதன் மஞ்சள் கரைசலில் அதே ஹைட்ராக்சைடை ஊற்றுங்கள், வீழ்படிவே வராது. ஆறு சயனைடு ஈனிகள் (மைய உலோகத்தோடு ஒட்டிக்கொள்பவை) இரும்பை விடாமல் பிடித்திருக்கின்றன. அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே அயனி. தனியே பிரிவது பொட்டாசியம் மட்டுமே. இதுதான் அணைவு உப்பு.

கேள்வி: கரைசலில் எத்தனை அயனிகள் என்று எண்ணிக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: முடியாது. மோர் உப்பு தருவது ஐந்து: ஒரு ஃபெரஸ், இரண்டு அம்மோனியம், இரண்டு சல்பேட். ஃபெரோசயனைடும் ஐந்துதான்: நான்கு பொட்டாசியம், ஓர் அணைவு அயனி. எத்தனை என்பதைவிட எவை என்பதுதான் முக்கியம்.

கேள்வி: படிகாரம் எந்த வகை?

பதில்: இரட்டை உப்பு. கரைந்து வெளிவரும் அலுமினியம், ஹைட்ராக்சைடாக மாறிச் சேற்றைத் திரட்டிக்கொண்டு அடியில் இறங்குகிறது. கலங்கிய தண்ணீர் தெளிவது அதனால்தான்.

கேள்வி: சமையல் உப்பில் ஃபெரோசயனைடு சேர்க்கிறார்களாமே, விஷமில்லையா?

பதில்: கட்டி பிடிக்காமல் இருக்க மிகச் சிறிய அளவில் சேர்ப்பார்கள். உப்புப் பாக்கெட்டில் 536 என்ற எண் இருந்தால் அது இதைத்தான் குறிக்கும். சயனைடு இரும்போடு இறுகிக் கிடப்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் ஆய்வகத்தில் அதோடு அமிலம் சேர்த்துச் சூடாக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

கேள்வி: மோர் உப்புக் கரைசலில் இரும்பைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் இருக்கின்றனவே, அதுவும் அணைவுதானே?

பதில்: அருமையான கேள்வி. ஆமாம், நீரும் ஈனிதான். ஆனால் பிடி தளர்ந்தது, ஹைட்ராக்சைடு வந்ததும் இடம் விட்டுவிடும். எல்லா அணைவும் ஃபெரோசயனைடு போல உறுதியானதில்லை. தாமிரமும் அம்மோனியாவும் சேர்ந்த அடர்நீலக் கரைசலில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். அணைவு உடைந்து, பழைய மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலின் வெளிர்நீலம் திரும்பிவிடும்.