அம்மாவின் ‘உங்க இஷ்டம்’ (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

அம்மாவுக்கு 78 வயது. சிறுநீரகம் பழுதாகிக்கொண்டே வருகிறது, இதயமும் பலவீனம். போன மாதம் எல்பிஏ (அம்மாவால் முடிவெடுக்க முடியாமல் போனால் அவர் சார்பில் முடிவெடுக்க ஆள் நியமிக்கும் பத்திரம்) செய்துவிட்டோம். நானும் தம்பியும் பொறுப்பாளர்கள். இனி ஏஎம்டியில் (கடைசிக் கட்டத்தில் செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்ற பத்திரம்) கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா, ஏசிபியும் (வருங்காலச் சிகிச்சை பற்றிய விருப்பங்களை முன்கூட்டியே பேசிப் பதிவுசெய்வது) வேண்டுமா? அம்மாவைக் கேட்டால், “உங்க இஷ்டம். யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது” என்கிறார். இதைப் பேசுவதே அபசகுனம் என்கிறான் தம்பி.

ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

சகுனத்தைப் பற்றித் தம்பியோடு வாதாட வேண்டாம். பேச வேண்டியது அம்மாவோடு.

ஏஎம்டியில் ‘கையெழுத்து வாங்குவது’ என்ற பேச்சே கூடாது. அம்மா தானே விரும்பிச் செய்தால்தான் உண்டு. இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் மருத்துவர். அம்மாவின் மறைவால் சொத்தோ பணமோ பெறக்கூடியவர் சாட்சியாக முடியாது. சாட்சிக் கையெழுத்துப் போடப் பிள்ளைகளே பேனாவை எடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஏஎம்டியும், தீராத நோயின் கடைசிக் கட்டத்தில், சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில், மூன்று மருத்துவர்கள் உறுதிசெய்த பிறகுதான் பயன்படும். டயாலிசிஸ் தொடங்கலாமா என்ற இன்றைய கேள்விக்கு அதில் பதில் இல்லை.

எல்பிஏ இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். உயிர்காக்கும் சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை மனத்திறன் சட்டம் பொறுப்பாளருக்குத் தரவில்லை. அம்மாவால் சொல்ல முடியாத நிலை வந்தால், அவருடைய நலனைப் பார்த்து மருத்துவர்தான் முடிவெடுப்பார். அப்போது உங்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: “அம்மா என்ன விரும்பியிருப்பார்?” ‘உங்க இஷ்டம்’ என்பதைத் தவிர உங்கள் கையில் என்ன இருக்கிறது?

அந்தச் சொல்லை நம்பாதீர்கள். ‘பாரமா இருக்கக்கூடாது’ என்பது உங்களை நினைத்து அம்மா சொன்னது. தன் உடம்பைப் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவே இல்லை. கேள்வி பொதுவாக இருந்தால் எந்தத் தாயும் இப்படித்தான் சொல்வார். காட்சியாக வைத்துக் கேளுங்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரச் சம்மதமா? சில வாரம் செய்து பார்த்துவிட்டு, முடியவில்லை என்றால் நிறுத்திவிடலாமா? இதயம் நின்றால் நெஞ்சை 5 செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 தடவைக்குக் குறையாமல் அழுத்துவார்கள். அந்த வயதில் விலா எலும்பு எளிதில் முறியும். அது வேண்டுமா? விழுங்க முடியாமல் போனால் மூக்கு வழியே குழாய் வைக்கலாமா? அதைப் பிடுங்கிவிடக் கூடாதென்று சிலருக்குக் கையில் உறை மாட்டிவிடுவார்கள். வயிறு நிறையும், காப்பியின் ருசி நாக்குக்குத் தெரியாது. இல்லை, புரையேறினாலும் பரவாயில்லை, குழைத்த ரசஞ்சோறு இரண்டு வாய் போதும் என்பாரா?

ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். பாதியில் அழுதால் நிறுத்திவிடுங்கள், அடுத்த வாரம் தொடருங்கள்.

இந்தப் பேச்சைப் பதிவுசெய்வதுதான் ஏசிபி. அது சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனாலும் மருத்துவர் கையில் அம்மாவின் குரல் இருக்கும். கட்டாயம் செய்யுங்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளராக நீங்கள் உட்காராதீர்கள். “குழாய் வேணாம்” என்று அம்மா சொன்னதை “அம்மா யோசிக்கிறாங்க” என்று ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளைகள் உண்டு. பாசத்தால்தான் சொல்கிறார்கள், ஆனால் பதிவாவது பிள்ளையின் விருப்பம். தமிழ் பேசும் ஏசிபி ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அம்மாவின் வாக்கியம் அவர் சொன்ன மாதிரியே எழுதப்படட்டும்.

தன் சார்பில் பேசப்போவது யார் என்பதையும் அம்மாவே சொல்லட்டும். மூத்தவர், இளையவர் என்ற கணக்கு அதில் வேண்டாம். இரவு 2 மணிக்கு ஐசியூ வாசலில், தன் மனசு கேட்காவிட்டாலும் அம்மா சொன்னதை மாற்றாமல் சொல்லக்கூடியவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த முறை சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அங்குள்ள தாதியிடமே ஏசிபிக்கு நேரம் கேளுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பேச வேண்டாம், உட்கார்ந்து கேட்கட்டும்.