மூழ்கும் அடித்தளத்துக்கு இன்னொரு டாப்-அப் கடனா?

கேள்வி: எங்கள் வீட்டு அடித்தளத்தில் (பேஸ்மென்ட்) நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை வெள்ளம் புகுந்துவிட்டது. லேமினேட் தரையும் ஜிப்சம் பலகைச் சுவரும் இரண்டு முறையும் பாழ். தனிநபர் கடன் வாங்கித்தான் சரிசெய்தோம். இப்போது அந்தக் கடன்மேலேயே கூடுதலாக டாப்-அப் கடன் எடுத்து அங்கே ஹோம் தியேட்டர் போடலாம் என்று மைத்துனர் வற்புறுத்துகிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். உங்களைக் கரைப்பது வெள்ளத்தைவிட, அழிந்த பொருளையே மறுபடியும் கடனில் வாங்கும் பழக்கம்தான். 100 ரூபாயை 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 2.33, மொத்தம் 140 கட்டுவீர்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் தரை குப்பைக்குப் போகும்போது அசலில் இன்னும் 68 பாக்கி. அதன்மேல் டாப்-அப் 100 எடுத்தால் கடன் 168, கையில் இருப்பது ஒரே தரை. டைல் ஒன்றரை மடங்கு செலவு என்றே வையுங்கள். அடுத்த வெள்ளத்தில் கழுவிவிட்டால் போதும் என்பதால் அதுதான் மலிவு.

லேமினேட்டின் நடுவில் இருப்பது அழுத்திய மரநார். ஊறி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஜிப்சம் பலகை தண்ணீரை மேலே உறிஞ்சும். அதன் காகித உறையில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். ‘நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்’ என்று விற்கும், ஒன்றோடொன்று கோத்துப் பொருத்தும் கிளிக் வினைல் பலகையையும் நம்பி இறங்காதீர்கள். பலகை தாங்கும், அடியில் தேங்கும் அழுக்குத் தண்ணீர் வெளியேறாது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

முதல் செலவு சம்ப் குழி (புகும் தண்ணீர் வந்து சேரும் பள்ளம்), தானியங்கி மிதவை சுவிட்ச் உள்ள பம்பு, அதற்கு பேட்டரி. வெள்ளத்தின்போது மின்சாரம் போவதே வழக்கம். கழிவுநீர்க் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறுகிறதென்றால் தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும். பிறகுதான் தரை: நீர் உறிஞ்சுதல் 0.5 சதவீதத்துக்குக் குறைவான போர்சலின் டைல், டைல் இடுக்குகளை அடைக்க எபாக்ஸி கிரவுட், குழியை நோக்கி மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு. சுவரில் நாலடி உயரம் வரை சிமென்ட் பலகை, தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி. பிளக் பாயிண்ட்டுகள் அதற்கும் மேலே.

சுவரின் உட்புறம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் மட்டும் அடித்துப் பணத்தை வீணாக்காதீர்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண்ணில் தண்ணீர் தேங்கினால், சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம். பின்னாலிருந்து தள்ளிப் பெயிண்டை உரித்துவிடும்.

மைத்துனரிடம், பழைய கடன் முடியும்வரை அடித்தளத்தில் கடன் பணம் இறங்காது என்று நேராகவே சொல்லுங்கள். பம்பு வேலையை இப்போதே சேமிப்பில் முடித்து, டைலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். அதுவரை வெறும் கான்கிரீட் தரையே போதும்.