ஈ.ஈ.ஜி. நார்மல், அப்புறம் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு வயது 19, இன்ஜினீயரிங் படிக்கிறான். இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை ஃபிட்ஸ் வந்துவிட்டது. ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. இரண்டும் நார்மல், ஆனாலும் டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். அதை நிறுத்திவிட்டு ஒரு வைத்தியரின் சூரணம் கொடுக்கச் சொல்கிறார் உறவினர். என்ன செய்வது?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள், அம்மா. ஈ.ஈ.ஜி. என்பது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது. அதை எடுத்த அந்த அரை மணி நேரம் மூளை அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே சுமார் பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி. நார்மலாகத்தான் வரும். காய்ச்சல், சர்க்கரை இறங்குவது என்று உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தாலே அது வலிப்பு நோய்தான். வலிப்பு வந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தவர் சொல்வதுதான் எங்களுக்கு முக்கியம். அதனால் மறுபடி வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடாமல், பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு யாராவது செல்போனில் வீடியோ எடுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

சூரணம் பற்றி. இப்படி விற்ற பொடிகளைச் சோதித்ததில் பினோபார்பிட்டோன், பினிட்டாயின் கலந்திருந்தது பலமுறை வெளிவந்திருக்கிறது. இரண்டுமே நாங்கள் எழுதும் அதே இங்கிலீஷ் மருந்துதான், என்ன, அளவு யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஆரம்பத்தில் 'நல்லா கேட்குது' என்பார்கள். பொட்டலம் தீர்ந்து அடுத்தது வராத வாரம் வலிப்பு விடாமல் வந்து ஐ.சி.யூ.வில் வந்து நிற்பார்கள். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் லேபிள் இல்லாத டப்பாவை நீட்டுவார்கள்! அந்த வைத்தியருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் அப்போது போனை எடுக்கமாட்டார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி, காபி டம்ளரோ பிரஷ்ஷோ நழுவி விழுகிறதா? பரீட்சைக்குக் கண்விழித்த மறுநாள் அதிகமாகிறதா? 'அஜாக்கிரதை' என்று திட்டிவிட்டு விட்டிருப்பீர்கள். இந்த வயதில் இப்படித் தொடங்கும் ஒரு வகை வலிப்பு உண்டு, அதற்குக் கார்பமசிபின் என்ற வலிப்பு மாத்திரையைக் கொடுத்தால் உதறல் அதிகமாகிவிடும். மற்ற பலருக்கு இரண்டு வருடம் வலிப்பு இல்லையென்றால் மருந்தை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். இந்த வகையில் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். தூக்கம் கெடவே கூடாது. டாக்டர் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள், ஓ.பி.யில் ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் அவரும் எதைத்தான் கேட்பார்?

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் காலையிலிருந்து கியூவில் நின்று கவுன்ட்டருக்குப் போனால் 'ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா' என்பார்கள், ஏதோ வலிப்பும் அடுத்த வாரம் வரை காத்திருக்கும் என்பதுபோல. காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வெளிக்கடையில் அதே மருந்து, அதே மில்லிகிராம் வாங்கிவிடுங்கள்.