சாக்ஸபோன் இல்லாத ஜில்பெர்டோ

பிரேசில் பாடகர் ஜோவாவ் ஜில்பெர்டோ சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் சேர்ந்து செய்த 'கெட்ஸ்/ஜில்பெர்டோ' ஆல்பம் பிடித்துவிட்டது, ஆனால் சாக்ஸபோன் இல்லாமல் ஜில்பெர்டோவின் குரலும் கிதாரும் மட்டும் வேண்டும், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், 1973-இல் அவர் பெயரையே தலைப்பாக வைத்து வந்த ஆல்பம்தான். குரல், கிதார், மிக மெல்லிய தாளம், அவ்வளவே. ஒரு பாட்டில் மட்டும் பாடகி மியூஷா சேர்ந்து பாடுகிறார். ஒலிப்பதிவு எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் வெண்டி கார்லோஸ். ஹெட்போனில் கேளுங்கள்: கிதார் அசையாமல் நிற்க, குரல் தாளத்துக்குக் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். அவருடைய பதிவுகளிலேயே எனக்கு மிக நெருக்கமானது இதுதான்.

1961-லும் இதே தலைப்பில் ஓர் ஆல்பம் உண்டு, வாங்கும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1959-இல் தொடங்கிய அந்த முதல் மூன்று ஆல்பங்களும் அற்புதம், ஆனால் அவற்றில் வேறு வாத்தியங்களும் வரும். 1977-இன் 'அமோரோசோ'வில் இசைக்கோர்ப்பாளர் கிளாஸ் ஓகர்மனின் வயலின் கூட்டமே இருக்கிறது. அதை அப்புறம் பார்க்கலாம்.

வேறு சத்தமே வேண்டாம் என்றால் 2000-இல் இன்னொரு பிரேசில் பாடகரான கயெத்தானோ வெலோசோ தயாரித்த 'ஜோவாவ் வோஸ் இ வியோலாவ்' கேளுங்கள். குரலில் வயது தெரியும், ஆனாலும் பிடி தளரவில்லை.