35 லட்சம் ரூபாய்க் கலட்ராவா கடிகாரத்தை முதலீடாகக் கருதலாமா?

கேள்வி: எனக்கு வயது 45. கோவையில் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். பூர்வீக நிலத்தை விற்றதில் கடன்களை அடைத்தது போக 40 லட்சம் ரூபாய் மீதம் இருக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த பாடெக் ஃபிலிப் நிறுவனத்தின் கலட்ராவா கைக்கடிகாரம் வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஜிஎஸ்டி உட்பட சுமார் 35 லட்சம் ரூபாய் ஆகும். ‘இது செலவே அல்ல, முதலீடு’ என்கிறார் நண்பர். மகள் 10ஆம் வகுப்பு படிக்கிறாள். வாங்கலாமா ஐயா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் ரசனையில் எந்தக் குறையும் இல்லை. நண்பர் போடும் கணக்கில்தான் குறை இருக்கிறது.

உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த பாடெக் ஃபிலிப் நிறுவனத்தை, அதற்கு டயல் செய்து கொடுத்துவந்த ஸ்டெர்ன் சகோதரர்கள் 1932இல் வாங்கினார்கள். அதே ஆண்டில் வெளிவந்த ‘ரெஃபரன்ஸ் 96’ என்ற மாடல்தான் கலட்ராவா வரிசையின் மூலம். பயனுக்குத் தேவையில்லாத அலங்காரத்தை விலக்க வேண்டும் என்று ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளி பேசிவந்த காலம் அது. சுமார் 31 மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்தக் கடிகாரத்தில், வார் மாட்டும் கொம்புகள் தனியாக ஒட்டவைத்தவைபோல் இல்லாமல் கூட்டின் உடலிலிருந்தே வளைந்து இறங்குகின்றன. முட்கள் நடுவில் முகடு வைத்துச் சீவப்பட்டிருப்பதால், ஒரு பாதி வெளிச்சத்தில் மின்னும்போது மறு பாதி நிழலில் இருண்டு நிற்கும். டயலில் எண்களே இல்லாவிட்டாலும் மணி பளிச்சென்று தெரியும். ஏறக்குறைய 40 ஆண்டுகள் தயாரிப்பில் இருந்த இந்த வடிவத்தின் சாயலை, 2021இல் வந்த 39 மில்லிமீட்டர் அகலமுள்ள 6119 மாடலிலும் காணலாம். 90 ஆண்டுகளைக் கடந்தும் பழசாகத் தோன்றாத பொருள் என்று இதை நானும் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால், வடிவமைப்பின் பெருமை வேறு, மறுவிற்பனை விலை வேறு. 2016இல் ஜெனீவா ஏலத்தில் 1.1 கோடி சுவிஸ் ஃபிராங்குக்கு விற்றது இதே நிறுவனத்தின், ஸ்டீல் கூடு கொண்ட 1518 மாடல். அது மாத நாட்களையும் லீப் ஆண்டையும் தானே கணக்கிடும் நிரந்தர நாள்காட்டியும், ஓடும் நேரத்தை அளக்கும் குரோனோகிராஃபும் சேர்ந்த, ஸ்டீலில் நான்கு மட்டுமே அறியப்பட்டிருக்கும் அபூர்வம். 2021, 2022 வாக்கில் சந்தையில் விலை எகிறியது இதே நிறுவனத்தின் நாட்டிலஸ் போன்ற ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் கடிகாரங்களுக்கு. அவையும் பின்னர் உச்சத்திலிருந்து இறங்கின. எளிய தங்கக் கலட்ராவாவுக்கு அத்தகைய போட்டி கிடையாது. கடையை விட்டு வெளியே வந்த பிறகு அது பெரும்பாலும் வாங்கிய விலைக்குக் கீழேதான் கைமாறுகிறது. தங்கம் இருக்கிறதே என்று தேறுதல் கொள்ளவும் முடியாது. கூட்டிலுள்ள 18 காரட் தங்கத்தின் மதிப்பு மொத்த விலையில் சிறு பங்குதான்.

வரியையும் பாருங்கள். 35 லட்சத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் சுமார் 5.34 லட்சம் ரூபாய். விற்கும்போது இது திரும்பி வராது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் முன்வரி, பிடிக்கிறார்கள். அந்த 35,000 ரூபாயை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். தொழிற்கூடத்தின் பெயரில் பில் போட்டு கட்டிய ஜிஎஸ்டியைத் தொழிலின் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் மகளின் படிப்புதான். மூன்றாவது ஆண்டில் அவள் கல்லூரி வாசலில் நிற்பாள். இந்த 40 லட்சத்தில் 35 போனால், தொழிலில் ஒரு பெரிய பில் வசூலாகாமல் இழுத்தடித்தாலே நீங்கள் மறுபடியும் கடனுக்குப் போக வேண்டியிருக்கும். எனவே, கல்லூரிச் செலவுக்கான தொகையை வங்கி வைப்பிலும் குறுகிய காலக் கடன் பத்திர ஃபண்டிலும் ஒதுக்குங்கள். ஓராண்டுக் குடும்பச் செலவைத் தனியே வையுங்கள். மீதியை நீண்ட காலத்துக்கு முதலீடு செய்யுங்கள். ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டு வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் ரூபாய் 10 ஆண்டுகளில் சுமார் 19.67 லட்சமாகும்.

அதுவரை ஆசையை அடக்கியே வைக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். பௌஹவுஸில் பயின்ற மேக்ஸ் பில், ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் கடிகார நிறுவனத்துக்காக 1961 முதல் வடிவமைத்த கைக்கடிகாரங்களும், அதே நாட்டின் கிளாஸ்ஹூட்டே ஊரைச் சேர்ந்த நோமோஸ் நிறுவனம் 1992இல் கொண்டுவந்த டாங்கென்டேயும் இதே எளிமையைக் கொண்டவை. கலட்ராவாவின் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கும். தினமும் சாவி கொடுத்து அணியும் சுகம் அவற்றிலும் உண்டு.

மகளின் படிப்பு முடிந்து, தொழிலில் உபரி சேர்ந்து, அப்போதும் மனம் கலட்ராவாவையே நாடினால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் தவணைக் கடனில் வாங்காதீர்கள். பெட்டி, அசல் சான்றிதழ், பில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். காப்பீட்டில் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கூட்டைப் பாலிஷ் போட வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். கொம்புகளின் கூர் விளிம்பு மழுங்கிவிட்டால், வடிவமைப்பின் அழகோடு மறுவிற்பனை விலையும் குறைந்துவிடும்.